உருள் பொட்டிய நாளும் ஒரே கம்பியில் ஒன்பது பேரும்

எங்கள் எஸ்டேட்டில் ஒரே கம்பியில் ஒன்பது டெலிபோன்கள் தொங்கின. அந்த ஒன்பதுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தொரு வயது. சாந்தன்பாறைக்கு மேலே, மேட்டில் தேயிலையும் பள்ளத்தில் ஏலமுமாக இருந்த எஸ்டேட். அதன் ஆபீஸில் காதில் கருப்புக் குழலை மாட்டிக்கொண்டு, பிளக்கும் கம்பியும் தொங்கும் ஒரு மரப்பலகை முன்னால் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை எனக்கு வேலை. என் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எல்லோருக்கும் நான் ‘எக்ஸ்சேஞ்சு’.

மேல் லைனில் ஐந்து போன், கீழ் லைனில் நான்கு. இரண்டையும் என் போர்டில் நான்தான் ஒரே கம்பியாக இணைப்பேன். யார் கைப்பிடியைச் சுற்றினாலும் ஒன்பது மணியும் அடிக்கும். இரண்டு நீளம் என்றால் ஃபேக்டரி, மூன்று குட்டை என்றால் ஆஸ்பத்திரி என்று கணக்கு உண்டு. ஆனால் மணி யாருக்கு அடித்தாலும் ஒன்பது பேரும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். அதிலே ஒரு சங்கடம். எத்தனை பேர் எடுக்கிறார்களோ அத்தனைக்கத்தனை சத்தம் குறையும். இரண்டு பேர் பேசினால் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்கும். ஒன்பது பேரும் எடுத்துவிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலிருக்கும்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் தினமும் அரட்டை நடக்கும். நாளைக்கு மழை விடுமா, அடுத்த மானேஜர் யார், கிளப்பில் என்ன படம் போடுகிறார்கள் என்று ஒன்பது பக்கமும் ஊகம் பறக்கும். நிறுத்தச் சொல்லி எனக்கு உத்தரவு. நான் நிறுத்தியதே இல்லை. உண்மையைச் சொன்னால் அதைக் கேட்பதற்காகவே வேலைக்குப் போனேன்.

அந்த ஆடி மாதம் நான்கு நாளாக மழை விடவில்லை. அம்மா அன்று காலை பல் பிடுங்கப் போடிக்குப் போயிருந்தாள். பூப்பாறை வழியாக மூன்று மணிக்கு வரும் பஸ்ஸில் திரும்ப வேண்டும். மூன்றுக்குக் கால் மணி இருக்கும்போது எங்கிருந்தோ ஒரு சத்தம். இடி இல்லை. பெரிய லாரியில் கருங்கல்லைக் கொட்டுவது போல, ஆனால் நிற்காமல். என் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியது.

போர்டில் ஒன்பது பித்தளைத் தகடுகள் உண்டு. யார் கூப்பிட்டாலும் அவருடைய தகடு ‘டக்’கென்று விழும். அன்று டக் டக் டக்கென்று எல்லாம் ஒன்றாக விழுந்தன. ஒரே ஒரு தகடு மட்டும் விழவில்லை. பள்ளத்தில் ரோட்டோரம் இருந்த ஏலக்காய் ஸ்டோர். அந்தப் போன் செத்துப்போயிருந்தது. வெளியூருக்குப் போகும் டிரங்க் லைனும் செத்துப்போயிருந்தது.

“உருள் பொட்டிருச்சு!” எஸ்டேட்டின் முதல் டிவிஷனில் கணக்கெழுதும் ரைட்டர் கத்தினார். மலை பிளந்து மண்ணும் பாறையும் ஓடைபோல இறங்குவதற்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பேர்.

“எங்க?”

“ரோட்டுப் பக்கம்தான்.”

“மூணு மணி பஸ்ஸு வந்துருச்சா?” என்றது வேறொரு குரல்.

அது அம்மா வரும் பஸ். 

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பஸ் மண்ணுக்குள் போயிருக்கும் என்றார் ஒருவர். பூப்பாறையிலேயே நிறுத்தியிருப்பான் என்றார் இன்னொருவர். அப்போதுதான் முதல் டிவிஷன் ரைட்டர், “ஃபேக்டரி அணை உடைஞ்சிருக்குமோ?” என்றார். ஃபேக்டரிக்குத் தண்ணீர் எடுக்க ஓடையை மறித்துக் கட்டிய சின்ன அணை அது. அதற்கு நேர் கீழேதான் இரண்டாவது டிவிஷனின் லயங்கள், தொழிலாளர் வீடுகள்.

கீழ் லைனில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் மலையாளி. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். “எக்ஸ்சேஞ்சே, மேலே எந்தா பறயுன்னது? ஒண்ணும் கேக்கலை!” என்று கூவினார்.

என் மனசு முழுக்க அம்மா. வாய் தானாகப் பேசியது. “அணை உடைஞ்சிருச்சுன்னு சொல்றாங்க.”

‘உடைஞ்சிருக்குமோ’ என்று வந்ததை ‘உடைஞ்சிருச்சு’ என்று அனுப்பியவள் நான். வேறு யாருமில்லை.

இரண்டாவது டிவிஷன் கிளார்க் போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். தொங்கிய போன் சுவரில் மோதும் சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்து வேலைக்குக் கூப்பிடும் மணியை அவர் அடிஅடியென்று அடிக்கும் சத்தம், அதற்குப் பிறகு பெண்களின் கூச்சல். மழையில், சேற்றில், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு லயமே மேட்டுக்கு ஓடியது.

இருபது நிமிஷம் கழித்து ஃபேக்டரி பிட்டர் லைனில் வந்தார். கிழக்குப் பாலக்காட்டில் நிலபுலம் உள்ள குடும்பம். மெஷின் மேலிருந்த ஆசையில் மலையேறி வந்தவர். “ஏனுங்க, யாருங்க அணை உடைஞ்சுதுன்னு சொன்னது? இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வந்தனுங்க. கல்லு மாதிரி நிக்குதுங்க.”

அதற்குள் ஒரு பெண் பிள்ளையைக் கையில் பிடித்து ஓடும்போது வழுக்கி விழுந்து கை ஒடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்துவிட்டது.

மானேஜர் கொச்சிக்குப் போயிருந்ததால் ஹெட் கிளார்க்தான் அன்று எல்லாவற்றுக்கும் பொறுப்பு. மதுரைப் பக்கத்து மனிதர். அதிர்ந்து பேசாதவர். என் பின்னால் வந்து நின்று, “ஏம்மா, பிளக்கைப் பிடுங்கு” என்றார்.

“சார்?”

“ரெண்டு லைனையும் பிடுங்கு. தெரிஞ்சத மட்டும்தான் பேசணும். தெரியாததப் பேச இது சந்தையில்ல.”

பிடுங்கினேன். ஆபீஸ் கப்பென்று அடங்கிவிட்டது. தகடுகள் மட்டும் விழுந்துகொண்டே இருந்தன. நான் நிமிர்த்தி வைப்பேன், மறுபடி விழும். எட்டுப் பேர் எட்டு இடத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஏதோ சொல்ல இருக்கிறது, சொல்லத்தான் வழியில்லை.

ஹெட் கிளார்க் ரோட்டுக்கு ஓர் ஆளை அனுப்பினார். அவன் அரை மணியில் திரும்பி வந்தான். ரோடு இல்லை, ஒரு பனை உயரத்துக்கு மண், அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை என்றான். தெரிந்தது அவ்வளவுதான். இனி விடிந்த பிறகு மண் அள்ள ஆள் திரட்ட வேண்டும் என்று ஹெட் கிளார்க் சொன்னார். என் கண்ணிலிருந்து நீர் போர்டு மேல் சொட்டியது. அவர் பார்த்தார். ஜன்னல் பக்கம் போனார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, சாக்கை மடித்துச் செய்த கொங்காணியைத் தலையில் போட்டபடி பிட்டர் உள்ளே வந்தார். ஃபேக்டரியிலிருந்து ஓடியே வந்திருக்கிறார்.

“லைனை ஏனுங்க புடுங்கினீங்க? எல்லார்த்துகிட்டயும் ஒண்ணு கேக்கோணுமுங்க.”

“என்ன?” என்றார் ஹெட் கிளார்க்.

“எனக்கு ரெண்டு சத்தம் கேட்டாப்ல இருந்துச்சுங்க. மொதல்ல ஒண்ணு, நம்ம பக்கம். கொஞ்ச நேரங் கழிச்சு, பூப்பாறைப் பக்கம் இன்னொண்ணு. ரெண்டு எடத்துல பொட்டியிருந்தா பஸ்ஸு நடுவுல மாட்டியிருக்கலாமுங்க. மண்ணுக்குள்ள போவாம.”

“கேட்டாப்லதானே? நிச்சயமா தெரியுமா?”

“தெரியாதுங்க. அதுனாலதானுங்க மத்தவியளக் கேக்கோணும்கறன்.”

ஹெட் கிளார்க் தலையை ஆட்டினார். “இந்த மாதிரி யூகத்தாலதான் அங்க ஒருத்தி கையொடிஞ்சு கெடக்கா. முன்ன ஒரு மழையில, ஓடையில ஒரு பிள்ளை போயிருச்சுன்னு எவனோ சொன்னான். தகப்பன் அப்படியே ஓடிப்போய்த் தண்ணியில குதிச்சான். பிள்ளை பள்ளிக்கூடத்துல உக்காந்திருந்துச்சு. தகப்பன்தான் வரல. அவன் பொணத்தத் தூக்குனதுல நானும் ஒருத்தன்.”

  அந்த மனிதர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் தகடுகள் விழுந்துகொண்டே இருந்தன. டக். டக்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. எழுந்து நின்றேன்.

“சார், அணை உடைஞ்சிருக்குமோன்னுதான் ரைட்டர் சொன்னாரு. உடைஞ்சிருச்சுன்னு மாத்தி அனுப்பினது நான். அது யூகத்தோட தப்பில்ல, என் தப்பு. லைனக் குடுங்க சார். யாரு பேசினாலும் முதல்ல, இது நான் பார்த்தது, இல்ல கேட்டது, இல்ல நினைக்கிறதுன்னு சொல்லிட்டுத்தான் பேசணும். சொல்லலேன்னா அவங்க லைன வெட்டிருதேன்.”

அவர் என்னையே பார்த்தார். “உங்கம்மா அந்த பஸ்ஸுலயா?”

“ஆமா சார்.”

“போடு” என்றார்.

பிளக்கைச் சொருகினேன். எல்லாப் பக்கமிருந்தும் பாய்ந்தார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். “எல்லாரும் வைங்க! நான் கூப்பிடுற ஆளு மட்டும் எடுங்க! பார்த்ததா, கேட்டதா, நினைக்கிறதா? அத மொதல்ல சொல்லணும்!” அதுவரை அந்த லைனில் நான் குரலை உயர்த்தியதே இல்லை. எல்லோரும் வைத்துவிட்டார்கள். கம்பி சட்டென்று தெளிந்தது.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வந்ததை ஆபீஸில் உரக்கத் திருப்பிச் சொன்னேன். பிட்டர் என் பக்கத்திலேயே நின்றார்.

பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். “கேட்டது. ரெண்டு சத்தம். ரெண்டாவது தூரத்துல.”

பிட்டர் மேஜையைத் தட்டினார். “பாத்தீங்களா!”

வாத்தியாரே தொடர்ந்தார். “இது நினைக்கிறது. மழை பெருத்தா அந்த டிரைவர் ஸ்டோருக்குப் பக்கத்துல வண்டிய நிறுத்திருவாரு. நான் வரும்போது ரெண்டு தடவ அப்படி நிறுத்தியிருக்காரு.”

அடுத்து மூன்றாவது டிவிஷன் ரைட்டர். அவருடைய ஆபீஸ் பள்ளத்துக்கு எதிர்ப்புறம், ஸ்டோருக்கு நேராக இருந்தது. “பார்த்தது. மூடுபனிக்குள்ள ஸ்டோர் மேல புகை மாதிரி.” உடனே திருத்தினார். “இல்ல, புகைங்கறது நினைக்கிறது. பார்த்தது வெள்ளையா ஏதோ எந்திரிச்சுப் போறது.”

“மஞ்சாயிருக்கும்” என்றார் ஹெட் கிளார்க். மஞ்சு என்றால் மூடுபனி.

“மஞ்சு படுத்துக்கெடக்கும் சார்” என்றேன். “எந்திரிச்சுப் போகாது.”

பிட்டர் என் காதிலிருந்த குழலைப் பிடுங்காத குறையாகக் குனிந்தார். “இப்ப ஏலக்கா எடுக்கற காலமே இல்லீங்களே. காய் எடுக்க இன்னும் ஒரு மாசம் இருக்குது. காயக் காயவெக்கற அடுப்புல இப்ப யாருங்க தீப் போடுவாங்க?”

 நனைந்து குளிரில் நடுங்குகிற ஆட்கள்தான் போடுவார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆட்கள்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “நினைக்கிறது, நினைக்கிறது” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது கம்பவுண்டரின் தகடு விழுந்தது. “எனிக்கு ஒரு சம்சயம்” என்றார். சந்தேகத்துக்கு அவருடைய சொல். “முதல்ல பார்த்தது பறயாம். ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஓடை, உச்சைக்கு, மத்தியானம், நிறைய வெள்ளம். இப்போ கணுக்கால் அளவுதான். மழை குறயலை, வெள்ளம் குறஞ்சு போச்சு. எந்தா காரணம்?”

பிட்டரின் முகம் மாறியது. “மேல மண்ணு விழுந்து ஓடைய அடைச்சிருக்குதுங்க. தண்ணி தேங்குதுங்க. ஆஸ்பத்திரி மேட்டுல இருக்குதுங்க, ஆனா அது உடைச்சுட்டு வந்தா நேரா கீழ ஸ்டோர் மேலதானுங்க வரும்.” என்னைப் பார்த்து, “நெனைக்கறதுதானுங்க” என்று சேர்த்துக்கொண்டார்.

ஹெட் கிளார்க் காலண்டர் மாட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, “காலைல வரைக்கும் காத்திருக்க முடியாது. பழைய குதிரைப்பாதை ஸ்டோருக்குப் பின்னால இறங்குதில்ல? கயிறு எடுத்துக்கங்க. நானும் வர்றேன்” என்றார். சட்டை நுனியை வேட்டிக்குள் சொருகிக்கொண்டு மழையில் இறங்கியே விட்டார். பிட்டரும், நான் போனில் வரவழைத்த ஃபேக்டரி ஆட்கள் பத்துப் பேரும் அவர் பின்னால் போனார்கள். அணை விஷயத்தில் நடந்ததை நினைத்து, போகிற போக்கில் ஹெட் கிளார்க் அவர்களிடம், வழியில் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம், கேட்டால் ‘பார்க்கப் போகிறோம்’ என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

என்னால் உட்கார்ந்த இடத்தை விட்டு நகர முடியாது. மூன்றாவது டிவிஷன் ரைட்டரிடம் பழைய துரை ஒருவர் விட்டுப்போன பைனாகுலர் இருந்தது. அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு, போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பேசினார். நான் அவர் லைனை மூடவே இல்லை. மற்றவர்களும் மெதுவாக எடுத்துவிட்டார்கள் என்பது சத்தம் குறைவதில் தெரிந்தது. திட்ட மனம் வரவில்லை.

“பார்த்தது. குதிரைப்பாதை வளைவுல ஆளுங்க இறங்கறாங்க… மஞ்சு மூடிருச்சு. ஒண்ணும் தெரியல.”

ஒரு முழு மணி நேரம் மஞ்சு மூடியே இருந்தது. “இப்ப?” என்பேன். “இல்ல” என்பார். இருபது தடவை கேட்டிருப்பேன்.

“விலகுது. விலகுது! பார்த்தது! கயிறு தெரியுது. கயித்தப் பிடிச்சுக்கிட்டு ஆளுங்க ஏறுறாங்க! ஒண்ணு, ரெண்டு, மூணு…”

ஒன்பது வரை எண்ணியபோது லைனில் யாரோ விம்மினார்கள். பதினைந்து. பதினெட்டு.  எனக்காக வாத்தியார்தான் கேட்டார். “ஒரு அம்மா தெரியுதா? சின்ன உருவம், பச்சைச் சேலை.” காலையில் அம்மா பஸ் ஏறுவதை அவர் பார்த்திருக்கிறார்.

“பார்த்தது… பச்சையா என்னன்னு தெரியல, எல்லாம் சேறு. தாடையச் சுத்தி வெள்ளத்துணி கட்டின ஒரு அம்மா ஏறுது. கைய நீட்டி நீட்டிப் பக்கத்து ஆளுகிட்ட என்னமோ சொல்லுது.” கொஞ்சம் நிறுத்தினார். “நினைக்கிறது. திட்டுது.”

நான் கதறிவிட்டேன். ஒன்பது போனில் எட்டு உயிரோடு இருந்தது, அத்தனையிலும் சிரிப்பு. கம்பவுண்டர் ஆஸ்பத்திரியில் எதையோ தட்டித் தாளம் போட்டார்.

டிரைவரோடு சேர்த்து இருபத்தேழு பேர். ஒருவருக்கும் பெரிய காயமில்லை. முன்னால் மண் விழுந்ததைப் பார்த்து டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுக்கப் போயிருக்கிறார். அதற்குள் பின்னாலும் விழுந்துவிட்டது. ஸ்டோருக்குள் ஓடி, கதவுப் பலகையை உடைத்து அடுப்பில் போட்டிருக்கிறார்கள். அம்மா ஆபீஸ் படியேறி வந்தபோது வாயில் பஞ்சு வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பஞ்சைத் துப்பிவிட்டு, “ஏட்டி, அழுது முகத்த எப்படி வச்சிருக்க பாரு” என்றாள். அவ்வளவுதான் பேசினாள். ரத்தம் வந்துவிட்டது, மறுபடி பஞ்சை வைத்துக்கொண்டாள்.

ஓடையில் தேங்கிய தண்ணீர் உடைக்கவே இல்லை. இரண்டு நாளில் மண்ணுக்கடியில் கசிந்து வடிந்துவிட்டது. ஸ்டோருக்குத் தண்ணீரால் ஒரு கீறல் விழவில்லை. பிட்டர் நினைத்தது தப்பு. ஹெட் கிளார்க் அதைச் சொல்லிக்காட்டவில்லை. பிட்டர்தான் வெட்கப்பட்டு, “மழையில சும்மா அலைய உட்டுட்டனுங்க” என்றார். “சும்மா இல்ல” என்றார் ஹெட் கிளார்க்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கை ஒடிந்த பெண் கட்டுப் போட்டுச் சாய்ந்திருந்தாள். கொழுந்தெடுப்பவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். இடுப்பளவு உயரமுள்ள மகள் அவள் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, நான்தான் எக்ஸ்சேஞ்சு. அணை உடைஞ்சிருச்சுன்னு சொன்னது நான்.”

“நீதானா?” என்று ஏற இறங்கப் பார்த்தாள்.

“உடைஞ்சிருக்குமோன்னுதான் சொல்லியிருக்கணும். மாத்திச் சொல்லிட்டேன்.”

ஒடியாத கையால் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். “இருக்குமோன்னு சொல்லியிருந்தாலும் ஓடித்தான் இருப்பேன். பிள்ளைய வச்சுக்கிட்டு எவ உக்காந்திருப்பா? ஆனா பாதையப் பாத்து ஓடியிருப்பேன். குறுக்க பாறை மேல ஏறியிருக்க மாட்டேன்.” பிறகு, “இருக்குமோன்னு தோணுனா இனிமேயும் சொல்லு. சொல்லாம இருந்துராத” என்றாள்.

என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டு அவிழ்க்கும்வரை அவள் வீட்டுக்கு நானும் அம்மாவும் மாற்றி மாற்றித் தண்ணீர் தூக்கினோம்.

இப்போது எங்கள் பழைய எஸ்டேட் ஆட்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்து கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எங்காவது மலை இறங்கினால் போதும், அதே சண்டை வந்துவிடும். தெரிந்ததை மட்டும் போடுங்கள் என்று ஒரு கட்சி, தோன்றுவதைச் சொன்னால் என்ன என்று இன்னொரு கட்சி. குழுவை நடத்துகிறவர் கொஞ்ச நேரம் எல்லோர் வாயையும் அடைத்துவிடுவார். எனக்கு அந்தத் தகடுகள் விழும் சத்தம் கேட்கும். நான் எப்போதும் இரண்டாவது கட்சி. ஆனால் ‘இருக்குமோ’வைக் கழற்றிவிட்டு அனுப்பாதீர்கள் என்று எழுதுவேன். பாதிப் பேர் படிப்பதில்லை.

உருள் பொட்டிய அந்த வாரமே ஹெட் கிளார்க் ஒரு நோட்டீஸ் டைப் செய்து என் போர்டுக்கு மேலே ஒட்ட வந்தார். ‘லைனில் யூகம் பேசக் கூடாது’ என்றிருந்தது. நான் அவரையே பார்த்தேன். அவர் திரும்பிப் போனார். டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. இரண்டாவது தாளில், ‘யூகமானால் யூகம் என்று சொல்லிப் பேசவும்’ என்றிருந்தது. ஒட்டிவிட்டு, “எனக்கு இன்னும் பயம்தாம்மா” என்றார்.

அன்று சாயங்காலம் எட்டுப் பேரும் லைனில் வந்துவிட்டார்கள். ரோடு எப்போது திறக்கும் என்று பேச்சு. “நினைக்கிறது, மூணு நாள்” என்றார் வாத்தியார். “நெனைக்கறதுங்க, ஆறு” என்றார் பிட்டர். கம்பவுண்டருக்கு ஒன்பது நாள் என்று சம்சயம். நான் ஒரு வாரம் என்றேன். பதினாறு நாள் ஆனது.